கிழங்கும் சாளையும் சோதனைக்குழாயில்

மரச்சீனிக் கிழங்கு தனியாக இலைக்கு வருவதில்லை என்பது குமரி மாவட்டத்துச் சமையலறைகளின் எழுதாத விதி. அவித்து நீர் வடித்த கிழங்கோடு சாளையோ நெத்தோலியோ அயிலையோ குழம்பாக வந்து சேரும். மீன் வாங்க முடியாத நாளில் சிறுபயறோ காணமோ அந்த இடத்தை நிரப்பும். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடியை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இராமவர்மா தம் நாட்டில் பரப்ப முனைந்து நின்றார். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. அப்போது திருவிதாங்கூரின் ஏழை வீடுகளைத் தாங்கியது இந்தக் கிழங்குதான். அந்த நாட்டின் தென்முனையாக இருந்த நிலமே 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். வயல்வெளியான தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் நெல்லும், மேட்டுநிலமான விளவங்கோடு, கல்குளம் பக்கம் கிழங்கும், குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் கரைகளில் மீனும் என்று ஒரே மாவட்டத்துக்குள் மூன்று விதமான உணவு விளைகிறது. கிழங்குக்கு ஏன் மீன் துணை வேண்டும் என்ற கேள்விக்கு நாவின் ருசியைக் காரணம் சொல்லலாம். ஆனால் அதே கேள்வியை உயிரியல் ஆய்வகத்தில் கேட்டால், சில சொட்டுக் கரைசல்களின் நிறமாற்றம் வேறொரு விடை தரும். அந்த விடையை எந்தக் கரைசலைக் கொண்டு கேட்பது என்பதில்தான் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் பாதுகாப்பான முறைகளைப் பயன்படுத்துவதை, பிள்ளைகளுக்காக அறிவியலைக் கொஞ்சம் நீர்த்துப்போக விடுவதாகப் பலர் கருதுகிறார்கள். உணவுச் சோதனைகளின் வரலாறு இதற்கு நேர்மாறானதைக் காட்டுகிறது. அபாயமான ஒரு வினைப்பொருளைக் கைவிட்ட பெரும்பாலான இடங்களில், உணவு நமக்குச் சொன்ன பதிலும் கூடுதல் துல்லியம் பெற்றிருக்கிறது.

மாவுச்சத்தில் இருந்து தொடங்கலாம், இங்கே வாதம் எளிது. 1811இல் பிரான்சில் வெடியுப்புக்காகக் கடற்பாசிச் சாம்பலைப் பதப்படுத்திக்கொண்டிருந்த பெர்னார் குர்துவா, அதில் கந்தக அமிலம் சற்று அதிகமாகிப் போனபோது ஊதா நிற ஆவி எழுவதைக் கண்டார். அதுவே அயோடின். மூன்றே ஆண்டுகளில், 1814இல், அது மாவுச்சத்தைக் கருநீலமாக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. மாவுச்சத்தின் ஒரு பகுதியான அமைலோஸ், குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. அது சுருள்கம்பி போலச் சுருண்டு நிற்கிறது. அந்தச் சுருளின் உட்குழலில் அயோடின் அணுக்கள் வரிசையாக நுழைந்துகொள்ளும்போது கருநீலம் தோன்றுகிறது. சூடாக்கினால் சுருள் குலைந்து நிறம் மறையும், ஆறினால் திரும்பி வரும். ஆகவே இந்தச் சோதனைக்கு அடுப்பே ஆகாது. சூட்டோடு செய்தால் இருக்கும் மாவுச்சத்தும் இல்லாததுபோல் தோன்றும். பாதுகாப்பும் சரியான விடையும் ஒரே பக்கம் நிற்பதற்கு இது முதல் சான்று. மருந்துக்கடையில் புண்ணுக்கு வாங்கும் போவிடோன் அயோடின் மருந்தை, வெளிறிய தேநீரின் நிறம் வரும்வரை தண்ணீர் விட்டுக் கலக்கினால் போதும். வெள்ளைப் பீங்கான் தட்டில் ஆறிய கிழங்குத் துண்டு, சோற்றுப் பருக்கை, அவித்த சாளையின் சதை, அவித்த காணம், தேங்காய்க் கீற்று ஆகியவற்றை வைத்து ஒவ்வொன்றின்மேலும் ஒரு சொட்டு விட்டால், கிழங்கும் சோறும் உடனே கறுக்கும், காணம் ஓரளவு கறுக்கும், சாளை பழுப்பாகவே நிற்கும்.

அவித்த கிழங்கு என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பச்சை மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. செடியின் திசு நசுங்கும்போது அதே திசுவில் தனியே இருக்கும் நொதி லினமாரினைச் சேர்ந்து அதை உடைக்கிறது, இறுதியில் ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. அது ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் திரவம், நாகர்கோவிலின் சாதாரணப் பகல் வெப்பமே அதை ஆவியாக்கிவிடும். தோலைச் சீவி, துண்டாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடும் வீட்டு வழக்கம் இந்த நஞ்சை வெளியேற்றும் தேர்ந்த முறை. சமையலுக்கென்று நடும் கிழங்குகளில் நஞ்சு குறைவு என்பது உண்மைதான். என்றாலும் நாற்பது பேர் நிற்கும் அறையில் பச்சைக் கிழங்கைத் துருவிப் பிழிவதால் சோதனைக்கு எந்த நன்மையும் இல்லை. சிலர் ஆர்வத்தில் சயனைடையே கண்டுபிடித்துக் காட்டலாமே என்பார்கள். அதற்கான பிக்ரேட் தாள் செய்யப் பிக்ரிக் அமிலம் வேண்டும், அது காய்ந்துபோனால் வெடிக்கும் பொருள். பள்ளி அலமாரியில் அதற்கு இடமில்லை.

சர்க்கரையின் கதை இதைவிடச் செறிவானது. ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஃபான் பெலிங் 1849இல் தந்த கரைசல், மயில்துத்தம் எனப்படும் காப்பர் சல்பேட்டை எரிசோடாவோடு சேர்த்துப் பயன்படுத்துவது. குளுக்கோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரைகள் நீலத் தாமிர அயனியை ஒடுக்கிச் செங்கல் நிற வீழ்படிவாக்கும். இந்தக் கரைசலை இரண்டு புட்டிகளில் தனித்தனியே வைத்திருந்து, வேண்டும்போது கலக்க வேண்டும். இரண்டாம் புட்டியில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்குக் குறையாத எரிசோடா இருக்கும். 2 கிராம் தாண்டினாலே அது தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருள் என்ற வகைக்குள் வந்துவிடுகிறது. அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் இதை மாற்றினார். எரிசோடா இருந்த இடத்தில் சலவைச் சோடாவை வைத்தார். தாமிரம் படிந்துவிடாமல் காக்க சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்தார். ஒரு லிட்டருக்கு 173 கிராம் சோடியம் சிட்ரேட், 100 கிராம் சோடியம் கார்பனேட், 17.3 கிராம் காப்பர் சல்பேட், எல்லாம் ஒரே புட்டியில், நெடுங்காலம் கெடாமல். பெனடிக்ட் பள்ளிப் பிள்ளைகளை நினைத்து இதைச் செய்யவில்லை. நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரையைத் தேடும் மருத்துவர்களுக்குப் பெலிங் கரைசல் போதாமல் இருந்தது. கடுங்காரத்தில் சர்க்கரையே ஓரளவு சிதைந்துபோகிறது, யூரிக் அமிலமும் கிரியாட்டினினும் சர்க்கரைபோல நடித்து ஏமாற்றுகின்றன. காரத்தைத் தணித்ததும் இந்தக் குழப்பங்கள் குறைந்தன. அவர் தேடியது துல்லியம். கண்ணுக்குப் பாதுகாப்பு அதோடு சேர்ந்து வந்தது.

குமரி மாவட்டத்துப் பொருள்களில் இந்தக் கரைசலுக்குப் பதில் சொல்லக் காத்திருப்பவை ஏராளம். காயாக இருக்கும் ஏத்தன் வாழை அயோடினுக்குக் கறுக்கும், பெனடிக்ட்டுக்கு அவ்வளவாக அசையாது. அதே குலையில் நன்றாகப் பழுத்த ஏத்தன் அயோடினை அநேகமாகப் புறக்கணித்துவிட்டுப் பெனடிக்ட்டைச் செங்கல் நிறமாக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டிப் பழத்திலும் இப்படியே பழுக்கும் நாள்களைத் தொடர்ந்து பார்க்கலாம். பழுத்தல் என்பது மாவுச்சத்தை நொதிகள் சர்க்கரையாக அறுக்கும் வேலை என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்வது, இங்கே இரண்டு நிறங்களின் ஏற்ற இறக்கமாகக் கண்முன் நடக்கிறது. பனையேறிகள் இறக்கும் அக்கானி இதைவிட நுட்பமான பாடம். அது நாவுக்குத் தித்திப்பு, ஆனால் சுண்ணாம்பு தடவிய கலயத்திலிருந்து இறக்கிய உடனே சோதித்தால் பெனடிக்ட் கரைசல் அதன் தித்திப்புக்கு ஏற்ற அளவு நிறம் மாறாது. காரணம், அக்கானியின் சர்க்கரையில் பெரும்பகுதி சுக்ரோஸ், அது ஒடுக்கும் சர்க்கரை அன்று. சுண்ணாம்பின் காரம் நுண்ணுயிர்களை அடக்கி அந்த சுக்ரோஸை உடையாமல் காக்கிறது. சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் ஈஸ்ட் புகுந்து முதலில் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கும், பிறகு அவற்றைச் சாராயமாக்கும். தித்திப்பும் ஒடுக்கும் தன்மையும் ஒன்றல்ல என்பதை விளக்க இதைவிட நல்ல சான்று வேறு ஊர்களுக்குக் கிடைப்பது அரிது. கரைசல் வெண்மையாகக் கலங்கினால் அது சுண்ணாம்பின் வேலையாக இருக்கக்கூடும், சர்க்கரையின் பதில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தெளியவைத்து வடித்துப் பயன்படுத்துவது நல்லது.

சுக்ரோஸைக் கண்டுபிடிக்கப் பள்ளிகளில் வழக்கமாகச் சொல்லித்தருவது, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து, சமையல் சோடாவால் அமிலத்தைத் தணித்து, மறுபடி பெனடிக்ட் விடுவது. கொதிக்கும் அமிலம் குழாயிலிருந்து எகிறும், சோடா விட்டதும் பொங்கி வழியும். இதற்கு மாற்றாக ரொட்டிக்குப் பயன்படும் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சர்க்கரைத் தண்ணீரோடு பத்து நிமிடம் வைத்தால் போதும். ஈஸ்ட்டின் இன்வர்டேஸ் என்ற நொதி சுக்ரோஸைப் பிளந்துவிடும். முன்பு நீலமாகவே இருந்த கரைசல் இப்போது நிறம் மாறும். இரண்டு முறைகளையும் கிழங்குக் கஞ்சியிடம் கொண்டுபோய்ப் பாருங்கள். அமிலம் மாவுச்சத்தையும் உடைத்துச் சர்க்கரையாக்கிவிடுவதால், கஞ்சியில் சுக்ரோஸ் இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அதனால் பதில் சொல்லவே முடியாது. ரொட்டி ஈஸ்ட் மாவுச்சத்தைத் தொடாது, சுக்ரோஸை மட்டும் தேடிப் பிளக்கும். ஈஸ்ட் மட்டும் உள்ள குழாய் ஒன்றையும் ஒப்பீட்டுக்கு வைத்துவிட்டால் சோதனை முழுமை பெறும். மென்மையான முறையே கூர்மையான முறையாகவும் இருப்பதற்கு, என் பார்வையில், மிக வலுவான சான்று இதுதான்.

அடுத்தது புரதம். 1849இல் பிரெஞ்சு வேதியியலாளர் மில்லன் தந்த சோதனை, பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துச் செய்வது. புரதத்தோடு சூடாக்கினால் செந்நிறம் வரும். இன்னொரு பழைய சோதனை அடர் நைட்ரிக் அமிலத்தால் புரதத்தை மஞ்சளாக்குவது. அந்த அமிலம் பட்ட விரலில் மஞ்சள் கறை விழுவதும் அதே வினைதான், சோதிக்கப்படுவது அங்கே மாணவரின் தோலில் உள்ள புரதம். இந்த இரண்டும் உண்மையில் எதைக் கண்டுபிடிக்கின்றன? மில்லன் சோதனை டைரோசின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலத்தில் உள்ள ஃபீனால் அமைப்பைத் தேடுகிறது. டைரோசின் மிகக் குறைவாக உள்ள ஜெலாட்டின் முழுக்கவே புரதமாக இருந்தும் இங்கே மங்கலாகவே பதில் சொல்லும். சாலிசிலிக் அமிலம் புரதமே இல்லாமல் சிவந்து காட்டும். நைட்ரிக் அமிலச் சோதனையும் இப்படியே நறுமண வளையம் உள்ள அமினோ அமிலங்களை மட்டும் பார்க்கிறது. இவற்றுக்கு மாறாகப் பையூரெட் சோதனை தேடுவது, அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோக்கும் பெப்டைடு பிணைப்பை. புரதத்தைப் புரதமாக்குவதே அந்தப் பிணைப்புதான். நீர்த்த காரத்தில் சில சொட்டு மிக நீர்த்த காப்பர் சல்பேட் விட்டால் நீலம் ஊதாவாகிறது. சூடு வேண்டாம், பாதரசம் வேண்டாம். காரத்தை 100 மில்லிலிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே நிறுத்திக்கொண்டாலும் முட்டையின் வெள்ளைக்கரு தெளிவாக ஊதாவாகும். அப்போதும் கண்ணாடி அணிய வேண்டும், ஏனென்றால் நீர்த்த காரமும் கண்ணுக்கு ஆகாது.

இந்தச் சோதனையில் நம் ஊர்ச் சமையல் ஒரு பொறி வைத்திருக்கிறது. குழம்பிலிருந்து எடுத்த மீனையோ மஞ்சள் சேர்த்து மசித்த கிழங்கையோ கொண்டுவந்தால், மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் பட்டதும் செம்பழுப்பாகி ஊதாவை மறைத்துவிடும். ஆகையால் உப்பும் மஞ்சளும் இல்லாமல் அவித்த சாளையை நீரில் மசித்து வடித்தெடுக்க வேண்டும். அந்த வடிநீர் ஊதாவாகும், ஊறவைத்து அரைத்த சிறுபயறின் நீரும் ஊதாவாகும். கிழங்கு நீர் நீலமாகவே நின்றுவிடும். இங்கே ஆசிரியர் ஒரு நிமிடம் நிறுத்திப் பேசுவது அவசியம். கிழங்கில் புரதமே இல்லை என்று மாணவர் குறிப்பேட்டில் எழுதினால் அது பிழை. பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு புரதம் உண்டு. சாளையில் அது நூற்றுக்கு இருபது பங்கை ஒட்டி வருகிறது. நாம் பயன்படுத்திய அளவில் கிழங்கின் புரதம் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்குக் கீழே இருக்கிறது என்பதே சரியான முடிவு. இல்லை என்பதற்கும் தெரியவில்லை என்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டால், அந்தப் பாடவேளை வீண்போகவில்லை.

தட்டில் கிழங்கும் மீனும் சேர்ந்திருப்பதன் பொருள் இப்போது விரிகிறது. கிழங்கு அயோடினுக்குப் பதில் சொல்கிறது, பையூரெட்டுக்கு மௌனமாகிறது. சாளை அதற்கு நேர்மாறு. ஒன்று ஆற்றல், மற்றொன்று உடல் கட்டும் பொருள் என்ற அளவோடு இது முடிவதும் இல்லை. சமைத்த பிறகும் கிழங்கில் எஞ்சும் சிறிதளவு சயனைடை நம் உடல், கந்தகத்தோடு சேர்த்து, நஞ்சு குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அந்தக் கந்தகம் வருவது மெத்தியோனின், சிஸ்டீன் ஆகிய அமினோ அமிலங்களிலிருந்து, அதாவது உணவின் புரதத்திலிருந்து. கசப்புக் கிழங்கைச் சரியாகப் பக்குவப்படுத்தாமல், புரதத் துணையும் இல்லாமல் உண்ண நேர்ந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் கால்களை முடக்கும் கொன்சோ என்ற நோய் வந்தது. 1938இலேயே பெல்ஜியக் காங்கோவிலிருந்து அது பதிவானது. தயோசயனேட், தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதற்கும் இடையூறு செய்யும். கடல்மீன் அந்த அயோடினையும் கொண்டுவருகிறது. பள்ளிச் சோதனை இவற்றில் எதையும் நேரடியாகக் காட்டாது. ஆனால் ஊதா நிறம் தோன்றாத ஒரு குழாய், இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்க வைக்கும்.

கொழுப்பில் என் வாதத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. உணவை எத்தனாலில் குலுக்கி, தெளிந்த சாராயத்தை நீரில் ஊற்றினால், கொழுப்பு இருக்கும்போது பால்போல் வெண்மையாகும். இது கூர்மையான சோதனை. காகிதத்தில் தேய்த்து எண்ணெய்க்கறை பார்ப்பது அவ்வளவு கூர்மையானதல்ல, கொழுப்பு குறைந்த உணவை அது தவறவிட்டுவிடும். ஆனால் எத்தனாலின் ஆவி ஏறத்தாழ 13 டிகிரியிலேயே தீப்பற்றத் தொடங்கும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் அந்த வரம்பை நெருங்கும் அறை இருக்கலாம், குமரி மாவட்டத்தின் சமவெளியில் எந்த வகுப்பறையும் எந்த மாதத்திலும் அவ்வளவு குளிர்வதில்லை. ஆகவே இங்கே திறந்த எத்தனால் புட்டி எப்போதும் தீப்பற்றத் தயாரான புட்டிதான். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் மதுவிலக்குச் சட்டத்தின்படி அனுமதியும் வேண்டும். நடுநிலை வகுப்புகளுக்குக் காகிதமே போதும் என்பது என் முடிவு. தேங்காய்க் கீற்றையும் கிழங்கையும் தனித்தனிக் காகிதத்தில் அழுத்தி, பக்கத்தில் ஒரு நீர்த்துளியையும் வைத்து, வெயிலில் காயவிட வேண்டும். நீரின் கறை மறையும், தேங்காயின் கறை ஒளிகசியும்படி நிலைக்கும். மேல்நிலை வகுப்பில் எத்தனால் வேண்டுமென்றால், அந்தப் பாடவேளை முழுவதும் அறையில் ஒரு சுடரும் இருக்கக் கூடாது. முந்திரி சோதிக்க விரும்புவோர் பருப்பை மட்டும் கொண்டுவரட்டும். அண்டியின் தோட்டில் உள்ள எண்ணெய் கையைப் பொள்ளவைக்கும் என்பது இந்த மாவட்டத்து முந்திரி ஆலைப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். முந்திரியோ நிலக்கடலையோ ஒவ்வாத பிள்ளை வகுப்பில் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் சோதனையின் ஒரு பகுதி.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, அனுபவமுள்ள ஆசிரியர்கள் சொல்வது: நாங்கள் அடர் அமிலத்தைக் கையாண்டே படித்தோம், ஆபத்தோடு பழகினால்தான் கவனம் வரும். இதில் பாதி நியாயம் இருக்கிறது. கல்லூரியில் வேதியியல் படிக்கப் போகிறவர் அமிலத்தைக் கையாளக் கற்றாக வேண்டும், அதற்கு அமிலமே பாடமாக இருக்கும் வகுப்பு உண்டு. உணவில் புரதம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதற்கு அடர் நைட்ரிக் அமிலம் தேவையே இல்லாதபோது அதை மேசையில் வைப்பது கவனத்தை வளர்க்காது, பங்கிட்டுவிடும். மாணவரின் கண் நிறத்தின்மேல் இருக்க வேண்டிய நேரத்தில் விரலின்மேல் இருக்கிறது. தொழிற்சாலைப் பாதுகாப்பில் உலகெங்கும் பின்பற்றப்படும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அபாயத்தை நீக்கு, முடியாவிட்டால் மென்மையான பொருளை மாற்றாக வை, பிறகு கருவியால் தடு, பிறகு விதி வகு, கையுறையும் கண்ணாடியும் கடைசி அரண். பள்ளிகளில் பெரும்பாலும் கடைசி அரணிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறோம். கண்ணாடி வாங்கப் பணமில்லை என்று சொல்லி, அமிலத்தை மட்டும் வாங்குகிறோம்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. நிறம் மாறுவதைப் பார்ப்பது விளையாட்டு, எவ்வளவு என்று சொல்லாத அறிவியல் அறிவியலாகுமா என்பது அது. ஆகாது என்றே நானும் கொள்கிறேன், ஆனால் அளவைத் தருவதற்கு ஆபத்து தேவையில்லை. குளுக்கோஸை 0.25, 0.5, 1, 2 சதவீதக் கரைசல்களாகச் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு பெனடிக்ட் விட்டு, ஒரே வெந்நீரில் ஒரே நேரம் வைத்தால், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் என்று ஓர் அளவுகோல் கிடைக்கும். ஏத்தன் பழச் சாற்றின் நிறத்தை அதன் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். வைட்டமின் சி-க்கு அளவு இன்னும் நேரடியாகக் கிடைக்கிறது. கிழங்குக் கஞ்சித் தெளிவில் அயோடின் விட்டு நீலமாக்கி, அதில் நெல்லிக்காய்ச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒரு கட்டத்தில் நீலம் போய்விடும். வைட்டமின் சி-யின் ஒரு மூலக்கூறு அயோடினின் ஒரு மூலக்கூறைச் செயலிழக்கச் செய்கிறது. 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையை 500 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம். அந்தக் கரைசல் எத்தனை சொட்டு, நெல்லிச் சாறு எத்தனை சொட்டு, எலுமிச்சை எத்தனை, கொதிக்கவைத்த எலுமிச்சை எத்தனை என்று எண்ணினால் விகிதம் தானே வரும். நெல்லியின் துவர்ப்புப் பொருள்களும் அயோடினைச் சற்றுத் தின்னும், ஆகையால் அதன் எண் கொஞ்சம் மிகையாக இருக்கும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இங்கிருந்து இன்னொன்றும் புரியும். வைட்டமின் சி மிகுந்த உணவில் அயோடின் சோதனை மாவுச்சத்தைக் காட்டாமல் ஏமாற்றக்கூடும்.

மூன்றாவது, பணம். அரசுப் பள்ளியில் இதற்கெல்லாம் வசதி எங்கே என்று கேட்பவர்களுக்குக் கணக்கைக் காட்டுவதுதான் முறை. பத்துக் குழுக்கள், குழுவுக்கு ஆறு உணவுகள், குழாய்க்கு 2 மில்லிலிட்டர் பெனடிக்ட் என்றால் 120 மில்லிலிட்டர் செலவாகும். அரை மில்லிலிட்டராகக் குறைத்தால் 30 போதும், நிறம் அப்படியே தெரியும். ஸ்பிரிட் விளக்கும் பர்னரும் தேவையில்லை. கொதித்த நீரை ஆசிரியர் ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்து வைத்து, குழாய்களை அதில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் வினை நடக்கும். நேரடிச் சுடரில் காட்டினால் குழாயின் அடியில் திடீர்க் கொதி எழுந்து சூடான கரைசல் எதிரில் நிற்பவர் முகத்தில் தெறிக்கும் அபாயமும் இதனால் நீங்குகிறது, எல்லாக் குழாய்களும் ஒரே வெப்பத்தில் நிற்பதால் ஒப்பீடும் நேர்மையாகிறது. ஆய்வகத்துக்கு எடுத்த பாத்திரம் மறுபடி சத்துணவுக்கூடத்துக்குப் போகக் கூடாது, ஆய்வக மேசைக்கு வந்த உணவு எவர் வாய்க்கும் போகக் கூடாது. இந்த இரண்டு விதிகளுக்கும் செலவு எதுவும் இல்லை.

கொஞ்சமாகப் பயன்படுத்துவதற்கு இன்னொரு காரணம் ஆய்வகத்தின் சுவருக்கு வெளியே இருக்கிறது. தாமிரம் பாசிக்கும் மீனுக்கும் நஞ்சு. குளத்துப் பாசியை ஒழிக்கவே மயில்துத்தத்தைப் பயன்படுத்துகிறார்கள். குமரி குளங்களின் மாவட்டம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றவை. பல பள்ளிகளின் கழிவுநீர் வாய்க்கால் வழியே ஏதோ ஒரு குளத்தில்தான் போய்ச் சேர்கிறது. பெனடிக்ட், பையூரெட் கழிவுகளை ஒரு பெரிய புட்டியில் பெயரெழுதிச் சேர்த்துவைத்தால், ஓராண்டுக்கும் ஒரு புட்டியே நிறையாது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்வியாண்டுக்கான வேதிப்பொருள் பட்டியல் எழுதும்போது, உணவுச் சோதனைக்கென்று பெலிங் கரைசலையும் மில்லன் வினைப்பொருளையும் அடர் நைட்ரிக் அமிலத்தையும் சேர்க்காதீர்கள். அந்த இடத்தில் பெனடிக்ட், போவிடோன் அயோடின், ஈஸ்ட், பிள்ளைகளின் எண்ணிக்கைக்குக் கண்பாதுகாப்புக் கண்ணாடிகள் என்று எழுதுங்கள். அலமாரியின் பின்வரிசையில் பழைய மில்லன் புட்டி ஏதும் இருந்தால் அதில் பாதரசம் இருக்கிறது. அதைத் தொட்டியில் ஊற்றிவிடாமல், மூடியை இறுக்கி, பெயரெழுதி, பூட்டிய இடத்தில் வைத்துவிட்டு, அபாயக் கழிவாக அதை எப்படி ஒப்படைப்பது என்று மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.